கட்டிலைத் தூக்கியவர்களுக்கு

அன்பானவர்களுக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும், ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லச் சபையில் என்னைக் கூப்பிட்டார்கள். விபத்து, இரண்டு அறுவை சிகிச்சை, ஐந்து மாதம் படுக்கை, இப்போது சொந்தக் காலில் நடந்து வந்திருக்கிறேன். சாட்சிக்கு வேண்டிய எல்லாம் இவனிடம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ மைக்கைப் பிடித்ததும் "என் விசுவாசம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது" என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அது உண்மையில்லை. அப்புறம் சொல்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த அப்புறம் இப்போதுதான் வந்திருக்கிறது.

உண்மையில் நடந்தது இதுதான். தொடை எலும்புக்குள் கம்பி வைத்த முதல் மாதம் நன்றாகவே ஜெபித்தேன். பார்க்க வந்தவர்களுக்கு நானே ஆறுதல் சொல்லி அனுப்பினேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாம் மாதம் உள்ளே சீழ் பிடித்து மறுபடி அறுக்க வேண்டும் என்றார்கள். அன்றோடு ஜெபம் நின்றுவிட்டது. கோபம்கூட வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். இருபது வருடமாக ஞாயிற்றுப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

அந்தப் படுக்கையில்தான் மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தை வேறு மாதிரி கேட்டேன். கைகால் அசையாத திமிர்வாதக்காரனை நான்கு பேர் இயேசுவிடம் சுமந்து வருகிறார்கள், கூட்டத்தில் நுழைய முடியாமல் கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். எத்தனையோ முறை பிள்ளைகளுக்குச் சொன்ன கதை. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொற்களை நான் ஒரு நாளும் நிறுத்திப் படித்ததில்லை. படுத்திருந்தவன் அந்தக் கதையில் வாயே திறப்பதில்லை. அவனுக்கு விசுவாசம் இருந்ததா, வேண்டாம் என்று முனகிக்கொண்டே வந்தானா, ஒன்றும் தெரியாது. நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள் என்றால் நமக்கு வேறு ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். இது உயிரோடு இருக்கும்போதே தூக்கிய நாலு பேரின் கதை. என்னைத் தூக்கியவர்கள் நாலு பேருக்கு மேல்.

முதல் ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. சாலையில் கிடந்தவனின் காலை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை "கண்ணை மூடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். நன்றி, ஐயா. இதை நீங்கள் படிக்கப்போவதில்லை என்றாலும் நன்றி.

ஜெபக்குழுவிலிருந்து வந்த அக்காமாருக்கு அடுத்த நன்றி. நீங்கள் செய்ததைவிட, செய்யாமல் விட்டதற்குத்தான் அதிகம். இரண்டாம் அறுவைக்குப் பிறகு வந்தீர்கள், உட்கார்ந்தீர்கள், பேசவில்லை. பைபிளில் எல்லாம் இழந்து உட்கார்ந்த யோபுவின் நண்பர்களைத் திட்டாத பிரசங்கம் கிடையாது. ஆனால் அவர்களும் முதலில் ஏழு நாள் இராப்பகலாக ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அதற்குப் பிறகு வாயைத் திறந்ததால்தான் கெட்டுப்போயிற்று. நீங்கள் அந்த ஏழாம் நாளைத் தாண்டவே இல்லை.

தாண்டியவர் ஒருவரும் வந்தார். பெயர் வேண்டாம். "உங்க விசுவாசம் குறைவுபட்டிருக்கு, அதான் குணமாகலை" என்று கட்டிலருகே நின்று சொல்லிவிட்டுப் போனார். விசுவாசத்தை உடற்பயிற்சிக் கூடத்துத் தசையைப்போல அளந்து பார்க்கிறவர்கள் நம்மிடையே உண்டு. இன்னும் எனக்கு அவர்மேல் வருத்தம் இருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் இந்த மடலில் பொய் எழுதுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது மச்சானுக்கு வருகிறேன். இந்த மடலில் பாதி உனக்குத்தான்.

என் மனைவியின் தம்பிக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் ஒரே சண்டை. "விசுவாசம்கிறது நடக்க முடியாதவங்களுக்கு ஊன்றுகட்டை, அத்தான். நல்லா நடக்கிறவனுக்கு எதுக்கு?" என்பான். மதத்தை விமரிசித்த மார்க்ஸ், ஃபிராய்டு, நீட்சே மூவரும் அவனுடைய திரித்துவம். விபத்தில் என் மூக்குக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. புதியது வரும்வரை எனக்கு எழுத்தே தெரியவில்லை. இரவுத் துணைக்கு வந்த அவன்தான் பைபிளை எடுத்துச் சத்தமாகப் படித்தான். நம்பாத ஒரு வாயிலிருந்து பைபிளின் சங்கீதப் பாட்டுகளைக் கேட்பது தனி அனுபவம். பிரசங்கத் தொனியே இல்லாமல் பத்திரிகை படிப்பதுபோலப் படிப்பான். எதுவும் சலுகை பெறாமல் காதுக்கு வந்து சேரும்.

ஒரு ராத்திரி 88-ஆம் சங்கீதத்தை எடுத்தான். பதினெட்டு வசனம். பெரும்பாலான புலம்பல் சங்கீதங்கள் கடைசியிலாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை. நண்பர்கள் எல்லோரும் தூரமாய்ப் போனதில் முடிகிறது. அவன் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான், பாக்கி எங்கே என்று. "அவ்வளவுதானா? இதை எப்படி அத்தான் உள்ளே விட்டாங்க?" என்றான். எனக்கு அன்றுதான் அழுகை வந்தது. நான் கிடந்த இடத்தில் எனக்கு முன்பே ஒருவன் கிடந்திருக்கிறான், அவனைப் புத்தகத்திலிருந்து யாரும் வெளியேற்றவில்லை. மச்சான், அதை எனக்குக் காட்டியது நீ.

அதற்குப் பிறகு சண்டை மறுபடி ஆரம்பித்தது. எனக்கு உயிர் வந்துவிட்டது என்று என் மனைவிக்குத் தெரிந்ததே எங்கள் சத்தத்தைக் கேட்டுத்தான்.

நீ சொன்னவற்றில் சிலவற்றை ஒத்துக்கொள்கிறேன். மதம் மக்களின் அபின் என்று மார்க்ஸ் 1844-ல் எழுதியது சரிதான். ஆனால் அதற்கு முந்தைய வரியில் அதையே ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு என்றும், இதயமில்லாத உலகத்தின் இதயம் என்றும் அவர் சொல்லியிருப்பதை நீதான் தேடி எடுத்து வந்தாய். எதிராளியின் கட்சிக்கு நீயே சாட்சி கொண்டுவந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. அபின் அந்தக் காலத்தில் வலி மருந்தும்கூட. வலி மருந்து ஏறாமல் ஒரு இரவு கிடந்தவன் அந்தச் சொல்லை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

ஃபிராய்டு 1927-ல் எழுதியது வேறு. பாதுகாக்க ஒரு தகப்பன் வேண்டும் என்ற குழந்தை ஆசையின் நீட்சிதான் கடவுள் என்றார். அந்த ஆசை எனக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆசைப்பட்டபடி செய்துகொள்வதாக இருந்தால் இயேசு பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனேத் தோட்டத்தை நான் வைத்திருக்க மாட்டேன். பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று மகன் கேட்கிறான், அது நீங்கவில்லை. கூட விழித்திருங்கள் என்று மூன்று சீடரைக் கேட்கிறார், அவர்களும் தூங்கிவிடுகிறார்கள். சிலுவையைத் தூக்கச் சிரேனே ஊர்ச் சீமோன் என்ற வழிப்போக்கனைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பலசாலிக் கடவுள் வேண்டுமென்று கற்பனை செய்கிறவன் இப்படியா எழுதுவான்? மலங்கழிக்கக்கூட இன்னொருவர் கை வேண்டியிருந்த வாரங்களில் அந்தச் சீமோன் எனக்குப் பெரிய துணை. உதவி வாங்கியதில் வெட்கமில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வார்டில் அதைச் செய்த அண்ணனுக்கு, முகம் சுளிக்காமல் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஜோக் சொன்னதற்கு நன்றி.

நீட்சேயோடுதான் எனக்கு வம்பே இல்லை. பலவீனமானவை, தோற்றவை அனைத்தின் பக்கமும் கிறிஸ்தவம் சேர்ந்துகொண்டது என்று 1888-ல் குற்றம் சாட்டினார். சரியாகத்தான் படித்திருக்கிறார். "பலமுள்ளவைகளை வெட்கப்படுத்தும்படி தேவன் உலகத்தில் பலவீனமானவைகளைத் தெரிந்துகொண்டார்" என்று பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருப்பதும் அதைத்தான். அவர் குற்றப்பத்திரிகையில் எழுதியதை இவர் ஒப்புதல் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

"சரி, அப்போ பலசாலி விசுவாசியே கிடையாதா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் நீயே போன்ஹோஃபரைப் பற்றிப் படித்துவந்து சொன்னாய். 1939-ல் அமெரிக்காவில் பத்திரமாக இருந்த ஜெர்மானியப் போதகர், சில வாரங்களிலேயே ஹிட்லரின் நாட்டுக்குத் திரும்பிப்போனார். 1943-ல் கைது, 1945 ஏப்ரல் 9-ல் தூக்கு. 1944-ல் சிறையிலிருந்து அவர் எழுதிய ஒரு கவிதையை இரண்டு முறை படித்தாய். அறையிலிருந்து நான் நிமிர்ந்து வருகிறேன் என்கிறார்கள் மற்றவர்கள், எனக்கோ கூண்டுப் பறவையைப்போலத் தவிக்கிறது, இதில் நான் எது என்று கேட்கிறார். நீ அன்று ஒன்றும் வாதாடவில்லை. நானும் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன் கட்டை உவமைக்கு வருகிறேன், அதை விட்டால் நீ சும்மா இருக்க மாட்டாய். எனக்கு நிஜக் கட்டையைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபித் தம்பிக்கும் நன்றி சொல்ல வேண்டும். "அக்குள்ல சாயாதீங்க சார், பாரம் உள்ளங்கைக்குப் போகணும். அக்குள்ல அழுத்தினா நரம்பு போய்க் கை தொங்கிடும்" என்பார். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். ஒற்றைத் தடிக்கு மாறியபோது அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்றதும் எனக்கு நம்பிக்கையில்லை, நடந்து பார்த்தால் அதுதான் சரி. தப்பாகச் சாய்ந்தால் கட்டையே ஆளை முடமாக்கும், மச்சான். விசுவாசத்தின்மேல் அப்படிச் சாய்கிறவர்களை நீயும் பார்த்திருக்கிறாய், நானும் பார்த்திருக்கிறேன். அதில் உன் பக்கம்தான் நான். ஆனால் கட்டையே வேண்டாம் என்று வீம்பாகப் படுத்துக்கிடந்த பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன ஆயிற்று என்று அந்தத் தம்பியைக் கேள். தொடைத் தசை கரைந்து, எனக்கு முன்னால் வந்தவர் எனக்குப் பின்னால்தான் எழுந்தார்.

ஜெபம் மறுபடி எப்போது வந்தது என்று கேட்கிறார்கள். தேதி சொல்ல முடியவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரு தகப்பன் சுவிசேஷத்தில் கதறுவான். அதில் பின்பாதியை மட்டும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மனைவியைப் பற்றி ஒரு வரிதான் எழுத அனுமதி கிடைத்திருக்கிறது. அந்த மூன்று சீடரைப்போல அவள் தூங்கவில்லை.

கட்டைகள் இரண்டும் வீட்டில் சும்மா சாத்தி வைத்திருக்கின்றன. உயரம் மாற்றிக்கொள்ளலாம். யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன். அடியில் ரப்பர் மட்டும் தேய்ந்திருக்கிறது, புதிதாகப் போட வேண்டும்.