தராசுக்கு ஒரு தராசு வையுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட உள்ளூராட்சி மன்றங்களின் தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி என்று மட்டக்களப்பு வரை வரும் ஏ4 வீதியில் தயிர்ச்சட்டி, தேன் போத்தல், கருவாடு, கச்சான், பருவம் வந்தால் பாலைப்பழம் எல்லாம் வீதியோரத்திலேயே விலைப்படுகின்றன. விற்பவர்களில் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு நிறை குறைத்துக் கொடுத்தால் மறுநாள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். மீன்காரர் வாசலில் நின்று "காசு நாளைக்குத் தாங்க" என்று விட்டுப்போவதும் அந்த முகப்பழக்கத்தில்தான். ஆனால் பாசிக்குடாவுக்கோ அறுகம்பைக்கோ போகிற வேன் திரும்பி வராது. சிலரிடம் ஊராளுக்கு ஒரு நிறை, வழிப்போக்கருக்கு ஒரு நிறை என்று ஆகிவிட்டது. நமக்குச் சரியாகத் தருகிறார்களே என்று நாமும் வாயைத் திறப்பதில்லை. அது சரியில்லை.

இதில் அடிபடுவது நல்ல வியாபாரிதான். தேனைப் பாருங்கள். சுத்தமானது என்று காட்டத் தீக்குச்சியைத் தேனில் நனைத்துப் பற்றவைக்கிறார்கள், தண்ணீரில் ஒரு துளி விட்டுக் காட்டுகிறார்கள். இரண்டும் எதையும் நிரூபிக்காது. தடித்த சீனிப்பாகும் அப்படித்தான் அடியில் போய் நிற்கும். சுத்தமான தேன் உறைவதும் உண்டு. அதைக் கண்டு "சீனி கலந்திருக்கு" என்று காட்டுத்தேன் கொண்டுவந்தவரிடம் சண்டைக்குப் போகிறார்கள். தேனை உறுதியாக அறிய ஆய்வுகூடம் வேண்டும். அதை உங்களிடம் கேட்கவில்லை. நிறையை அறிய ஒரு தராசு போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டத்தின் கீழ் வியாபாரத் தராசைச் சரிபார்த்து முத்திரை குத்த வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் விலையை எழுதிவைக்கச் சொல்கிறது. அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறைப்பாடும் செய்யலாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தில் ஒரு கிலோ கருவாட்டுக்காக யார் அழைப்பு எடுப்பார்கள்? முத்திரைக்காக ஒரு நாள் கடையை மூடினால் அன்றைய உழைப்பை யார் கொடுப்பார்கள்?

நீங்கள் துண்டு கிழித்து வீதியோர வியாபாரிகளிடம் காசு எடுக்கும் இடங்களில், யாரும் வந்து நிறுத்துப் பார்க்கக்கூடிய முத்திரையிட்ட தராசு ஒன்றை வையுங்கள். முத்திரை குத்தும் அதிகாரிகளை அந்த இடத்துக்கே அழையுங்கள். முதல் முறைக்கான கட்டணத்தைச் சபையே ஏற்கட்டும். விலைப்பலகையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் சபையே எழுதிக் கொடுக்கட்டும். எழுதத் தெரியாத அம்மாக்களும் அங்கே இருக்கிறார்கள்.

தயவுசெய்து ஒன்று. இதைச் சாட்டாக வைத்து அவர்களை வீதியை விட்டு எழுப்பிவிடாதீர்கள். வழக்கமாக நடப்பது அதுதான். குறை கண்டால் முதலில் தராசைத் திருத்தச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் செய்தால் மட்டும் நடவடிக்கை எடுங்கள்.

அடுத்த மாதாந்த அமர்வில் யாராவது ஒரு உறுப்பினர் இதைப் பிரேரணையாகக் கொண்டுவர வேண்டும். தராசை எங்கே வைப்பது என்பதை அந்த வியாபாரிகளைக் கூப்பிட்டே கேளுங்கள்.

இப்படிக்கு,
இந்த வீதியில் சாமான் வாங்கும் ஒருவர்