உறுதியைப் பார்த்தோம், வளையைப் பார்த்தோமா?

ஆசிரியர் அவர்கட்கு,

காணி மோசடிகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில், காணி உறுதிப் பத்திரத்தைச் சரிபார்க்கும் முறையை விளக்கமாக எழுதியிருந்தீர்கள். அந்தக் காணியில் நிற்கும் வீட்டை யார் சரிபார்ப்பது?

சென்ற ஆவணியில் என் தங்கையின் மகள் கிளிநொச்சியில் ஒரு வீடு வாங்கினாள். நொத்தாரிசு பழைய பதிவுகளையெல்லாம் கிளறி, வில்லங்கம் இல்லை என்றார். வங்கி மதிப்பீட்டாளர் வந்து போனார். கடனுக்கு ஈடு காணுமா என்பதோடு அவர் வேலை சரி. லண்டனில் இருக்கும் மாப்பிள்ளை வட்ஸ்அப்பில் ஹோலைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். புதுப் பெயின்ற் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. குடிபூரலுக்குப் போய்ப் பாயசம் குடித்துவிட்டு, நானும் நல்ல வீடு என்றுதான் சொன்னேன்.

கார்த்திகை மழையில் முழங்கால் உயரம்வரை பெயின்ற் கொப்பளித்து உதிர்ந்தது. உள்ளே நேராக ஒரு பழுப்புக் கோடு. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது வெள்ளம் நின்ற வீடாம். அயலில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. விற்றவரிடம் கேட்டால், "நீங்கள் கேட்கவில்லையே" என்கிறார்.

பிறகுதான் ஸ்குறூட்ரைவரோடு ஏணியில் ஏறினேன். குசினிக் கூரையைத் தாங்கும் மர வளையைத் தட்டினால் வெறும் பெட்டிச் சத்தம். குத்தினேன், கைப்பிடிவரை இறங்கியது. கறையான். பிளக்கிலிருந்து போன ஏர்த் வயர் நிலத்துக்குப் போகாமல் சுவருக்குள்ளேயே முடிந்திருந்தது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே பதினைந்து அடிகூட இல்லை.

கனடாவில் வீடு வாங்கும் நம்மவர்கள், விலை பேசியபின் தாமே கூலி கொடுத்துப் பரிசோதகர் ஒருவரை அழைக்கிறார்கள். கூரை, அத்திவாரம், மின்சாரம் எல்லாவற்றையும் பார்த்து அவர் எழுத்தில் தருகிறார். அதே ஆட்கள் வன்னியில் வாங்கும்போது படம் பார்த்துக் காசு அனுப்புகிறார்கள். இங்கே மீள்குடியேற்றக் காலத்தில், உதவிப்பணம் தவணை தவணையாக வர, அவசரமாகக் கட்டிய வீடுகள் எத்தனை!

நமக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். ஒரு மேசன், ஒரு வயர்மன், அரைநாள் கூலி. கண்ட குறையைத் தாளில் எழுதி வாங்குங்கள். பெரிய பழுது இருந்தால் முற்பணம் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். விற்பவரும் குறையை முன்கூட்டியே காட்டிவிட்டால், பிறகு வாசலில் வந்து யாரும் சண்டை பிடிக்கமாட்டார்கள்.

தரகர் கூட்டிவரும் மேசன் மட்டும் வேண்டாம். அவர் கூரையைக் கீழே நின்றே பார்த்துவிடுவார்.

ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
பரந்தன்.