எடைமேடைக் கணினியை மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. லாரிகளை எடைபோடும் எடைமேடைகளில் ஓடிய பழைய 16-பிட் பில் புரோகிராம்கள் 32-பிட் விண்டோஸ் 10 இருந்தவரை தாக்குப்பிடித்தன. விண்டோஸ் 11 வருவது 64-பிட்டில் மட்டுமே. அதில் அவை திறக்கவே திறக்காது. நிரலை மாற்றி எழுதித்தான் ஆக வேண்டும்.

எடையைக் காட்டும் இண்டிகேட்டர் கருவியிலிருந்து சீரியல் போர்ட் (காம் போர்ட்) வழியாக எடையைப் படிக்கும் பகுதியைச் சொல்கிறேன். அதில் வரும் விண்டோஸ் செயற்கூறுகளின் பெயரை மாற்றுவது சுலபம். ஓப்பன்காம் இருந்த இடத்தில் கிரியேட்ஃபைல், ரீட்காமுக்கு ரீட்ஃபைல், ரைட்காமுக்கு ரைட்ஃபைல், கெட்காம்எரருக்கு கிளியர்காம்எரர், ஃப்ளஷ்காமுக்கு பர்ஜ்காம். ஓப்பன்காமில் கொடுத்த க்யூ (தரவு காத்திருக்கும் இடம்) அளவுகள் இரண்டும் செட்டப்காமுக்குப் போகும். கம்பைல் ஆகிவிடும். சிக்கல் அதன்பிறகுதான்.

ரீட்காம் அந்த நேரத்தில் வந்திருப்பதை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும். ரீட்ஃபைலுக்கு டைம்அவுட் (காத்திருக்கும் நேர வரம்பு) வைக்காமல் 100 பைட் கேட்டால், 100-ம் வரும்வரை அங்கேயே நிற்கும். திரை உறைந்துபோகும், கேபிள் பழுது என்று நினைத்து வீணாகக் கேபிளை மாற்றுவார்கள். செட்காம்டைம்அவுட்ஸில் ரீட்இன்டர்வல்டைம்அவுட்டுக்கு மேக்ஸ்டிவேர்டும் (32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண்), மற்ற இரண்டு ரீட் மதிப்புகளுக்கு 0-ம் கொடுத்தால் பழையபடி நடக்கும்.

அடுத்தது பணம் சம்பந்தப்பட்டது. இண்டிகேட்டர் 012450 என்று அனுப்பும்போது, ஒருமுறை படித்ததில் 01245 மட்டும் வந்திருக்கலாம். அப்படியே எண்ணாக்கினால் 12,450 கிலோ 1,245 ஆகிவிடும். இதையாவது கண்ணால் பார்த்துப் பிடித்துவிடலாம். எடை ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு வரியின் முன்பாதியும் அடுத்த வரியின் பின்பாதியும் ஒட்டிக்கொண்டால், நம்பும்படியான தப்பு எடை சீட்டில் ஏறிவிடும். வரி முடிவுக்குறி (ஆஸ்கி 13) வரும்வரை சேர்த்து வைத்து, நீளம் சரிதானா என்று பார்த்த பிறகே எடையாக ஏற்க வேண்டும்.

சீரியல் போர்ட் இல்லாத கணினியில் இண்டிகேட்டரை இணைக்கும் யுஎஸ்பி கன்வெர்ட்டரை வேறு துளையில் செருகினால் போர்ட் எண் 10, 11 என்று ஏறக்கூடும். 9-க்கு மேல் வெறும் பெயரைக் கொடுத்தால் கிரியேட்ஃபைல் திறக்காது, \\.\காம்10 என்ற வடிவில் கொடுக்க வேண்டும். சி மொழியில் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரட்டித்து எழுதுங்கள்.

டாஸ் காலத்தில் இன்போர்ட்பி என்ற செயற்கூறு கொண்டு, முதல் சீரியல் போர்ட்டின் 3எஃப்8 (பதினாறடிமான எண்) முகவரியை நேராகப் படித்த நிரலுக்கு மாற்றுப்பெயரே கிடையாது. கன்வெர்ட்டருக்கு அந்த முகவரியே இல்லை. அந்தப் பகுதியைப் புதிதாகத்தான் எழுத வேண்டும்.

உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய கணினியை விற்கும் முன், வெறும் வண்டி, பாதி லோடு, முழு லோடு மூன்றையும் ஏற்றி, இண்டிகேட்டரில் தெரியும் எண்ணும் சீட்டில் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். நடுவில் ஒருமுறை கேபிளைப் பிடுங்குங்கள். பழைய எடையே திரையில் நின்றால் அந்தப் புரோகிராமை ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
எடைமேடை மென்பொருள் பராமரிப்பாளர்,
நாமக்கல்.