காது மடிப்பில் வெள்ளி

அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு முக்கில் நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கருக்காக நடத்திய நினைவுக் கூட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு இந்த மடல். அன்றைக்கே மைக்கில் சொல்லியிருக்க வேண்டியது. மைக் என் கைக்கு வந்தபோது மணி பத்தரை. ரேடியோ செட் அண்ணன் வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்.

சரி, அவரிடமிருந்தே தொடங்குகிறேன். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்கு, "சங்கரு நம்ம மதுரைக்காரப் பய, அவனுக்குப் போயி வாடகையா?" என்று முறைத்தார். ஜெனரேட்டருக்கு டீசல் காசு மட்டும் வாங்கிக்கொண்டார், அதையும் இரண்டு தடவை எண்ணிப் பார்த்து. திரை கட்ட வேட்டி கொடுத்த மாடிவீட்டு மதினிக்கும், டீ கணக்கை இன்னும் கேட்காமல் இருக்கும் கடைக்கார மாமாவுக்கும் நன்றி.

பழைய வீடியோக்களைத் தேடிப் பிடித்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்த தங்கச்சிக்குத் தனியாக. 'கலக்கப் போவது யாரு' காலத்திலிருந்து வரிசையாக அடுக்கியிருந்தாள். 'அது இது எது' நிகழ்ச்சியின் 'சிரிச்சா போச்சு' சுற்று ஓடியபோது, நாமும் சிரிக்கக் கூடாது என்று யாரோ பந்தயம் கட்டினார்கள். டிவியில் வந்த விருந்தினர்கள் உதட்டைக் கடித்து, துண்டால் வாயைப் பொத்தியாவது சமாளிப்பார்கள். நம் தெருவில் ஒரு நிமிடம்கூட யாரும் தாக்குப் பிடிக்கவில்லை. அவர் விஜயகாந்த் குரலில் பேச ஆரம்பித்ததும் முன்வரிசைப் பாட்டி சிரித்த சிரிப்பில் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்துவிட்டது. 'மாரி' படத்தில் சனிக்கிழமை என்ற பாத்திரமாக வந்ததைப் போடவில்லையே என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. சினிமா அவருக்குப் பேர் கொடுத்தது, ஆனால் அந்த ஆள் முழுசாக இறங்கி ஆடிய இடம் டிவி மேடைதான்.

கடைசியாக, பத்தாம் வகுப்புத் தம்பி. உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சோடு இயந்திர மனிதனாக ஊர் ஊராக மேடையேறி ஆடியதால்தானே சங்கருக்கு முன்னால் ரோபோ வந்து ஒட்டிக்கொண்டது? அதைச் செய்து காட்டுகிறேன் என்று தம்பி கிளம்பினான். முகத்திலும் கையிலும் மட்டும் பூசினோம். பூச்சு காயக் காயத் தோல் இழுத்தது. சிரித்தால் கன்னத்தில் கோடு கோடாக வெடித்தது. ஐந்தே நிமிட ஆட்டம், பிரமாதம். இறங்கி வந்தவன், "அரிக்குதுண்ணே, எப்ப கழுவலாம்?" என்றான். அவன் அம்மா தேங்காய் எண்ணெய் தடவி, பழந்துணியால் துடைத்து, சோப்புப் போட்டுத் தேய்க்க முக்கால் மணி நேரம் ஆனது. நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். முகத்துக்கும் கைக்குமே இந்தப் பாடு. அந்த மனுஷன் உடம்பு முழுக்கப் பூசிக்கொண்டு ஆடி முடித்து, இதே மாதிரி யார் ஊற்றிய தண்ணீரில் எத்தனை ராத்திரி தேய்த்துக்கொண்டு நின்றாரோ! இத்தனை வருஷம் ரசிகனாக இருந்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை. 2025 செப்டம்பர் 18 அன்று அவர் போனபோது வயது 46தான். செய்தி கேட்ட அன்று வராத அழுகை, வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வந்தது. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த தம்பியின் அம்மாவுக்கு என் நன்றி.

நேற்றுத் தம்பி பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். இடது காது மடிப்பில் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. "நல்லாத் தேய்ச்சுக் குளிடா" என்றேன்.

"இருக்கட்டும்ண்ணே" என்று சைக்கிளை மிதித்தான்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரன்