ஞானப்பல் எடுக்கப் போகும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

கடிதம் கிடைத்தது. தேவிக்குப் பெண் குழந்தை என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே அம்மாவுக்கு முட்டி வலி குறையவில்லை, ஆனாலும் வாசலில் கோலம் போடுவதை விடமாட்டேன் என்கிறார்.

சரி, உன் பல்லுக்கு வருகிறேன். கீழ்க் கடைவாயில் ஞானப்பல் படுத்தவாக்கில் இருக்கிறது, ஆபரேஷன்தான் என்று சொன்னதிலிருந்து தூக்கமே இல்லை என்கிறாய். தினமும் இந்த வேலையைச் செய்கிறவள் நான். நடப்பதை அப்படியே சொல்கிறேன்.

மரத்துப்போகும் ஊசி குத்தும்போது வலிக்கும். கொஞ்ச நேரத்தில் பாதி உதடும் பாதி நாக்கும் உணர்விழந்துவிடும். அப்புறம் ஈறைக் கீறி, பல்லை மூடிய எலும்பைக் கொஞ்சம் ட்ரில் செய்து, பல்லைத் துண்டாக்கி எடுப்பார்கள். வலி தெரியாது. ஆனால் அழுத்துவது நன்றாகத் தெரியும், பல் பிளக்கும் சத்தம் மண்டைக்குள்ளேயே கேட்கும். பலர் மிரள்வது அந்த இடத்தில்தான். நிஜமாகவே வலித்தால் கையைத் தூக்கு, இன்னும் மருந்து போடுவார்கள்.

பல் எடுத்தால் கண் பார்வை போகும் என்று உன் மாமியார் பயமுறுத்துகிறாராமே, அது தவறு. பார்வை நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. நீ கேட்க வேண்டியது இதுதான்: பல் வேருக்குப் பக்கத்தில் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது, எக்ஸ்ரேயில் அது எவ்வளவு நெருக்கம்? சிலருக்கு உதட்டில் மரமரப்பு சில வாரமோ மாதமோ இருக்கும். நிரந்தரமாகத் தங்குவது அபூர்வம்.

பல் எடுத்த குழியில் ரத்தம் உறைந்து கட்டியாகும். அதைக் காப்பாற்றுவதுதான் உன் வேலை. குழியின் மேல் வைக்கும் பஞ்சை அரை மணி, முக்கால் மணி நேரம் அழுத்திக் கடி. முதல் நாள் துப்பாதே, கொப்பளிக்காதே, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதே. எச்சிலோடு கலந்து வருவதால் கொஞ்ச ரத்தமே நிறையத் தெரியும், பயப்படாதே. பஞ்சை அழுத்தியும் நிற்காமல் வாய் நிறைந்து வந்தால் உடனே போ. முதல் நாள் ஐஸ் ஒத்தடம், ஆறிய தயிர்சாதம். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெல்லக் கொப்பளி.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காது. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் எனக்கு போன் செய்கிறார்கள். அது தானாக வடிந்துவிடும். ஆனால் குறைந்த வலி மூன்று நாலு நாள் கழித்துத் திடீரென ஏறி, காது வரை தெறித்து, வாயில் நாற்றமும் வந்தால் குழியிலிருந்த ரத்தக்கட்டி கலைந்து எலும்பு திறந்திருக்கலாம். காத்திருக்காமல் போ, மருந்து வைத்தால் வலி அடங்கும். காய்ச்சல், விழுங்க முடியாமை என்றாலும் அப்படித்தான்.

உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரிப்போர்ட்டை (HbA1c) எடுத்துப் போ. மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்வதென்றால் பட்டினி வேண்டாம். காலை டிபனும் மாத்திரையும் வழக்கம்போல எடுத்துக்கொள். ஆஸ்பிரின் போடுவதைச் சொல், நீயாக நிறுத்தாதே. துணைக்கு அண்ணாவைக் கூட்டிப் போ. டாக்டர் எழுதும் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா