கூத்துக் கொப்பியோடு அண்ணாவியாரின் குரலையும் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் கலைப் பக்கம் வருவதால், நம்ம கூத்துகளைக் காப்பாற்றுவது பற்றி இதை எழுதுகிறேன். முதலில் தூரத்து உதாரணம் ஒன்று. ஹுவான் குத்தியெரெஸ் தெ பாடிய்யா என்றொரு இசையமைப்பாளர். 1590 அளவில் ஸ்பெயினின் மாலகா நகரில் பிறந்து, குருவாகி, கடல் கடந்து மெக்சிக்கோவின் புவெப்லா நகருக்குப் போனவர். 1629 முதல் 1664இல் இறக்கும்வரை அங்குள்ள பேராலயத்தின் இசைத் தலைவர் அவர்தான். அவர் அந்தப் பொறுப்புக்கு வந்த காலத்தை ஒட்டித்தான் இங்கே மட்டக்களப்பின் புளியந்தீவில் போத்துக்கேயர் கோட்டை கட்டினார்கள், அப்போது போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே மன்னருக்குக் கீழே இருந்தன.

இரண்டு பாடகர் குழுக்கள் மாறி மாறிப் பாடும் இலத்தீன் பூசைப் பாடல்களை அவர் எழுதினார். ஆனால் எனக்குப் பிடித்தவை நத்தார் இரவுக்கென்று ஸ்பானிய மொழியில் எழுதிய வில்லான்சிக்கோ பாட்டுகள். தெருவில் கேட்கும் துள்ளல் தாளம் அப்படியே கோயிலுக்குள் வந்துவிடும், போத்துக்கேயர் வழிவந்த நம்ம பறங்கியரின் கல்யாண வீட்டுக் கப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டை ரசிப்பவர்கள் ஒருதரம் கேட்டுப் பாருங்கள். சில பாட்டுகளில் ஆபிரிக்க அடிமைகளின் பேச்சைக் கேலியாக்கியிருக்கிறார்கள், அது மனதை உறுத்துகிறது, அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

350 வருடத்துக்குப் பிறகும் அவற்றைப் பாட முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக எழுதிய இசைத்தாள்களைப் பேராலயம் பத்திரமாக வைத்திருந்ததுதான்.

நம்மிடம் வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணிக் கூத்துகளின் பாட்டுகளை எழுதிவைத்த கொப்பிகள் இருக்கின்றன. 1978 சூறாவளி, யுத்தத்தில் ஊர்விட்டு ஊர் ஓடியது, 2004 சுனாமி, இவ்வளவுக்கும் தப்பியவற்றைக் கறையான் தின்ன விடலாமா? அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பாடிய்யாவின் தாளில் இசையும் எழுதியிருக்கிறது, நமது கொப்பியில் பெரும்பாலும் பாட்டு வரிகள் மட்டும்தான், மெட்டும் மத்தளத் தாளக்கட்டும் கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கும் அண்ணாவியாரிடம்தான் இருக்கின்றன, அவர் போய்விட்டால் கொப்பி கையில் இருந்தும் கூத்துக் களரியில் ஆட முடியாது. அதனால் கொப்பியைப் படமெடுத்தால் மட்டும் போதாது. வயதான அண்ணாவிமாரை உட்காரவைத்து முழுக் கூத்தையும் பாடச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும், கையில் உள்ள போனே போதும். ஊர், அண்ணாவியார் பெயர், கூத்தின் பெயர், திகதி எல்லாவற்றையும் சேர்த்து எழுதி, ஒரு பிரதியை அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.

பொங்கலுக்கு முன்பே இதைத் தொடங்கச் சொல்லி ஊர்ச் சங்கங்களுக்கு உங்கள் பத்திரிகை ஒரு அறிவித்தல் போட்டு, வாரம் ஒரு அண்ணாவியாரைப் பற்றி எழுதினால் பெரிய உதவி.

வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு