கன்சோலின் வடிவமைப்பும் கேமின் செலவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீடியோ கேம் தயாரிப்புச் செலவு ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். காட்சியின் துல்லியத்தையும் பணியாளர் எண்ணிக்கையையும் கட்டுரையாளர் காரணமாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால், எந்தச் செயலியை வைப்பது, நினைவகத்தை எப்படிப் பிரிப்பது என்று கன்சோலைத் (தொலைக்காட்சியில் இணைத்து கேம் ஆடும் கருவி) தயாரிக்கும் நிறுவனம் எடுக்கும் முடிவுகளுக்கும் ஒரு விலை உண்டு. அதில் பெரும்பங்கைக் கட்டுகிறவர்கள் கேம் எழுதுகிறவர்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 3 கன்சோல் காலத்தில் நிரலாளராக வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2006இல் வந்த அந்த கன்சோலில், சோனி, ஐபிஎம், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ‘செல்’ என்ற செயலி இருந்தது. ஒரு முதன்மைச் செயலகமும் (‘கோர்’) எட்டுத் துணைச் செயலிகளும் கொண்ட சில்லு அது. பழுதாகிக் கழியும் சில்லுகளைக் குறைப்பதற்காகத் துணைச் செயலி ஒன்றை அணைத்து, இன்னொன்றை இயங்குதளத்துக்கு ஒதுக்கியது போக, கேமுக்குக் கிடைத்தவை ஆறு. ஒவ்வொரு துணைச் செயலிக்கும் நேரடியாக எட்டும் நினைவகம் 256 கிலோபைட் மட்டுமே. நிரலும் அது கையாளும் தரவும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். எந்தத் துண்டு எப்போது உள்ளே வருவது, எப்போது வெளியே போவது என்பதையும் நிரலாளரே எழுத வேண்டும். ஒரு தடவைக்கு 16 கிலோபைட்டுக்கு மேல் நகர்த்த முடியாது.

பாத்திரங்களின் எலும்பசைவைக் கணக்கிடும் நிரல் ஒன்று எங்கள் கணினியில் ஒரே நாளில் ஓடியது. அதைத் துணைச் செயலியில் ஓடவைக்க நானும் உடன் பணியாற்றிய ஒருவரும் மூன்று வாரம் உட்கார்ந்தோம். நினைவகத்தில் 16 பைட்டின் மடங்கான இடத்தில் தொடங்க வேண்டிய தரவு 4 பைட் தள்ளித் தொடங்கியிருந்ததைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் ஆடுகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி எதுவும் கூடவில்லை. இரண்டு பேருடைய சம்பளம் செலவாகியிருந்தது. கேம் ஸ்டுடியோவில் பெருஞ்செலவே சம்பளம்தான்.

பிளேஸ்டேஷன் 3க்கு ஓராண்டு முன்பே வந்துவிட்ட மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் 512 மெகாபைட் நினைவகம் ஒரே தொகுப்பாக இருந்தது. பிளேஸ்டேஷன் 3இல் அதே அளவு 256, 256 என இரண்டாகப் பிரிந்து கிடந்தது. முன்னதற்கு எழுதிப் பின்னதற்கு மாற்றிய ஸ்டுடியோக்கள் வேலையின் ஒரு பகுதியைத் திரும்பச் செய்ய நேர்ந்தது. போகப் போக, கடினமான கன்சோலிலேயே முதலில் எழுதத் தொடங்கினார்கள். சிறு துண்டுகளாக உடைத்த நிரல் மற்றதிலும் நன்றாகவே ஓடியது. நாட்டி டாக் போன்ற ஸ்டுடியோக்கள் இதே செல் செயலியில் அற்புதங்கள் செய்தனவே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், அவர்களுடைய திறமையை நான் வியக்கிறேன். ஆனால் அது சோனிக்கே சொந்தமான ஸ்டுடியோ. இரண்டு கன்சோலுக்கும் ஒரே தேதியில் கேம் தரவேண்டியிருந்தவர்களுக்கு அந்த வசதி இல்லை.

சோனியும் இதை உணர்ந்தது. பிளேஸ்டேஷன் 4ஐ வடிவமைத்த மார்க் செர்னி முதலில் கேம் எழுதுகிறவர்களிடம் போய்த் தேவையைக் கேட்டார். அவர்கள் முதன்மையாகக் கேட்டது ஒரே தொகுப்பான நினைவகத்தைத்தான். 2013இல் 8 ஜிகாபைட் பொது நினைவகமும், கணினிகளில் உள்ள எக்ஸ்86 வகைச் செயலியும் வந்தன. அதன் பிறகும் செலவு குறையவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிளேஸ்டேஷன் 4க்கு வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் என்ற கேமின் இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவானதாக 2023இல் வெளியான அமெரிக்க நீதிமன்ற ஆவணத்தில் இருந்தது. வன்பொருளோடு மல்லுக்கட்டுவதில் மிச்சமான உழைப்பெல்லாம் காட்சிக்குள் போய்விட்டது என்பது என் கணிப்பு.

இது பழங்கதையும் அன்று. 2020இல் மைக்ரோசாஃப்ட் ஒரே தலைமுறையில் 16 ஜிகாபைட் நினைவகம் கொண்ட எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸையும், 10 ஜிகாபைட் கொண்ட விலை மலிவான சீரிஸ் எஸ்ஸையும் விற்பனைக்கு விட்டது. வாங்குகிறவருக்கு அது நல்ல செய்தி. எழுதுகிறவர் ஒரே கேமைச் சிறியதற்குள்ளும் திணித்தாக வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமில் திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியைச் சீரிஸ் எஸ்ஸில் ஓடவைக்க முடியாமல் லாரியன் ஸ்டுடியோ திணறியது. 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் 5க்கு வந்த அந்த கேம் எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பரில்தான் வந்தது, அதுவும் சீரிஸ் எஸ்ஸில் அந்த வசதி இல்லாமலே.

கட்டுரையாளர் இதைத் தொடராக எழுதுவாரானால், நினைவகத்துக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்